தாமதமாக வந்த தாளம்

டேப்லெட் வாசிக்கும் தாளம் கணினிக்கு எப்போதும் ஒரு நொடித்துளி தாமதமாகவே வந்து சேரும். கணினி எதுவும் சொல்லாமல், பதிவானதை அந்த அளவு முன்னே நகர்த்தி வைத்துவிடும்.

ஒருநாள் டேப்லெட் தன் தாமதத்தை உணர்ந்தது. வெட்கப்பட்டு, யாரிடமும் சொல்லாமல், கொஞ்சம் முந்தியே தட்டியது. கணினி வழக்கம்போல் நகர்த்த, தாளம் பாட்டை முந்திக்கொண்டு ஓடியது.

"இன்னொரு தடவைதான். சேரலைன்னா இந்தத் தாளத்தையே தூக்கிடுவேன்" என்றாள் பாடகி மதிவதனி.

"உனக்காகத்தானே முந்தினேன். இனி மாட்டேன்" என்றது டேப்லெட் கணினியிடம்.

"நானும் உனக்காகத்தான் நகர்த்தினேன். நிறுத்திடறேன்" என்றது கணினி.

நடுவில் கிடந்த கேபிள் சிரித்தது. "ரெண்டு பேரும் விட்டுட்டா மறுபடி தாமதம்தான். ஒருத்தர் மட்டும் விடுங்கப்பா."

மதிவதனி பதிவுப் பொத்தானை அழுத்தினாள். டேப்லெட் இம்முறை வெட்கப்படாமல் தாமதமாகவே வந்தது. கணினி நகர்த்தி வைத்தது. அவள் கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தாள்.