ரங்கூன் வந்தாச்சு

பெங்களூர் வந்துவிட்டது. கொழும்பும் வந்துவிட்டது. மருதாசலம் அய்யா இரண்டு விரலை மடக்கிக்கொண்டு மறுபடியும் தந்திக் கட்டையைத் தட்ட ஆரம்பித்தார்.

என் காலுக்குக் கீழே மிதி கனத்தது.

அவர் தட்டும்போது மிதி கனக்கும். நிறுத்திவிட்டுக் காது கொடுக்கும்போது லேசாகும். வெள்ளைக்கல் குழியை ஒட்டிய அந்த பங்களாவில் கரண்டு கிடையாது. சக்கரம் கழற்றிய சைக்கிளில் உட்கார்ந்து நான் மிதித்தால்தான் அவருடைய ரேடியோவுக்கு உயிர் வரும்.

அய்யா குழிக்கு இன்ஜினீயர். அவரைப் போலவே ரேடியோப் பைத்தியம் பிடித்தவர்கள் நாலு ஊரில் நாலு பேர். சனிக்கிழமை பொழுது சாயும்போது ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். இருக்கிறவர் பதிலுக்குத் தட்டுவார். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கிற மாதிரிதான்.

எழுத்துக் கூட்டவே நான் நாற்பது வயசுக்கு மேல் பழகியவன். ரேடியோக் குழாய் வழியாக ‘டீ, டீ’ என்று வருகிற அந்தத் தந்தி எழுத்து எனக்குப் பிடிபடவில்லை. ரங்கூனை மட்டும் தெரியும்.

ரங்கூனில் மிதிக்கிறவன் என் மகன் அர்த்தநாரி.

இந்த சைக்கிளில் முதலில் உட்கார்ந்தவனே அவன்தான். கல் விழுந்து இடது கால் குட்டையாகிப் போனவனுக்குக் குழியில் வேறு வேலை இல்லை. ரங்கூனுக்கு அப்பால் மரக்கிடங்கு வைத்திருக்கும் அய்யாவின் சிநேகிதர் ஒருமுறை வந்தபோது, அங்கேயும் மிதிக்க ஆள் வேண்டும் என்று அவனைக் கூட்டிப் போனார். அவன் எழுந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன்.

அனுப்புகிற இடத்தில் மிதிக்கிறவன் காலுக்கு ஏற்றபடி சத்தமும் ஏறி இறங்கும். அவன் வலது கால் மிதிக்கையில் சத்தம் நிமிர்ந்து நிற்கும். இடது காலுக்குத் தொய்ந்து விழும். கடல் தாண்டி வந்தாலும் அந்தத் தொய்வு மாறாது.

“உன்ற மவன் நொண்டிக்கிட்டே வாரான் பாரு, அங்கமுத்து” என்று அய்யா சிரிப்பார். பழகப் பழகச் சரியாகிவிடும் என்பார்.

குட்டைக் கால் பழக்கத்தில் வளருமா என்று நான் கேட்டதில்லை.

ஜன்னலுக்கு வெளியே, புங்கமரத்தடியில், என் பெண்சாதி சின்னாயி உட்கார்ந்திருப்பாள். அந்த நொண்டல் காதில் விழுந்ததும் சேலையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவாள். “வந்துட்டான். நா போயி ஒலை வெக்கிறேன்” என்று யாருக்கோ சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

அந்த ஆடியில் ரங்கூனில் கலகம். நம் ஆட்களைத் தேடித் தேடி வெட்டுகிறார்கள் என்று சேலம் கடைவீதி முழுக்கப் பேச்சு.

போன சனிக்கிழமை ரங்கூன் பதில் சொல்லவில்லை. அதற்கு முந்திய சனிக்கிழமையும் இல்லை. சின்னாயி இருட்டின பிறகும் எழுந்திருக்கவில்லை. நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். இரண்டு நாளும் அடுப்புப் பற்றவைக்கவில்லை.

சென்னைப்பட்டணம் பதில் சொன்னது. மூன்றாவது விரல் மடங்கியது.

அய்யா ரங்கூனைக் கூப்பிட்டார். மிதி கனத்தது. நிறுத்தினார். லேசானது. மறுபடி கூப்பிட்டார்.

லேசாகிற நேரம்தான் கொடுமை. காலில் பாரமில்லை. பாரமெல்லாம் காதுக்குப் போய்விடும்.

குழாய் கரகரத்தது. பிறகு ஒரு சத்தம் கிளம்பியது.

அய்யா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “ரங்கூன்! வந்தாச்சப்பா, ரங்கூன் வந்தாச்சு! எல்லாரும் இருக்குறாங்க!”

நாலாவது விரலையும் மடக்கினார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மிதியை விடாமல் கேட்டேன்.

சத்தம் நீள நீளமாக வந்தது. இழுத்துக் கட்டிய கம்பி மாதிரி ஒரே சீர்.

தொய்வுக்காகக் காத்திருந்தேன். வலது கால். இடது கால். வலது கால். என் காலை அந்தச் சத்தத்தோடு சேர்த்து மிதித்துப் பார்த்தேன். எந்த இடத்திலும் அது குனியவில்லை.

மிதிக்கிறது யார் என்று கேட்கச் சொல்லலாம். அய்யா தட்டினால் உடனே பதில் வந்துவிடும். வந்துவிடும் என்பதால்தான் எனக்கு வாய் வரவில்லை.

அய்யா சிரித்த முகத்தோடு என் பக்கம் திரும்பினார்.

“உன்ற மவனுக்கு இப்பத்தான் மிதி படிஞ்சிருக்குது. கேட்டியா? துளிகூட நொண்டலே இல்ல.”

“ஆமாங்க” என்றேன்.

குழாயிலிருந்து சத்தம் இன்னும் வந்துகொண்டிருந்தது. ஜன்னலைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தது.

எட்டிப் பார்த்தேன்.

புங்கமரத்தடியில் சின்னாயி எழுந்திருக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, ரங்கூன் எப்போது வரும் என்று அப்படியே காத்திருந்தாள்.