மன்னார் வெயில்

“அந்தத் தகடுகளிலை கை வைக்காதை, அல்பேர்ட்.”

அருளானந்தனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் நின்றது. அவர் ஒஸ்லோ நகரத்துப் புருசெத் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். இலங்கையில் மன்னார்ப் பக்கம் மின்சாரம் இல்லாத ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதற்காக, நோர்வேக்காரர் தங்கள் மலை வீடுகளில் இருபது வருடம் பாவித்துக் கழற்றிப்போட்ட சோலார் தகடுகளை அலைந்து திரிந்து சேர்த்திருந்தார். பன்னிரண்டு தகடுகள். கப்பலில் அனுப்புகிற கொன்ரெயினர் வாசலில் நிற்கிறது. இந்த நேரம் பார்த்து அல்பேர்ட் அவற்றைத் தன் வாகனத்தில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

அல்பேர்ட் ஒஸ்லோ மீள்சுழற்சி நிலையத்தில் வேலை செய்பவன். மின்சாரம் வருகிறதா என்று மீற்றர் பிடித்துப் பார்த்தானாம், பன்னிரண்டும் செத்துவிட்டனவாம். நிலையத்துக்குக் கொண்டுபோனால் கண்ணாடி வேறு, அலுமினியம் வேறாகப் பிரித்தெடுக்கலாம், அங்கே அனுப்பினால் வெறும் குப்பைதான் என்றான்.

“இஞ்சத்தை வெயிலுக்குத்தான் இது படுத்துக் கிடக்குது. மன்னார் வெயிலைக் கண்டால் எழும்பி நிக்கும்,” என்றார் அருளானந்தன்.

கூடி நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஒஸ்லோ வெயிலைப் பற்றி யார்தான் நல்லதாகச் சொல்வார்கள்? நாலு பிள்ளைகள் விளக்கில் படிப்பது இவனுக்குப் பொறுக்கவில்லை, பழைய இரும்புக்கு விற்கப் பார்க்கிறான் என்று கூட்டத்தில் நின்ற உதயகுமாரி வாய்க்கு வந்தபடி சொன்னாள்.

அல்பேர்ட்டின் முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் அவன் விடவில்லை. போன வருடம் இதே பள்ளிக்கூடத்துக்குச் சங்கம் அனுப்பிய தகடுகள் வேலை செய்கின்றனவா என்று அதிபரிடமே கேளுங்கள், செய்தால் இவற்றையும் நானே கொன்ரெயினரில் ஏற்றிவிடுகிறேன் என்றான்.

கேட்டால் போச்சு என்று அருளானந்தன் எல்லாரையும் உள்ளே கூட்டிப்போய், எல்லாருக்கும் கேட்கும்படி ரெலிபோனை ஸ்பீக்கரில் போட்டு, அதிபர் மரியரஞ்சனியை அழைத்தார். அதிபர் சுகம் விசாரித்தார், நன்றி சொன்னார், பேச்சை மாற்றினார். தகடுகள் வேலை செய்கின்றனவா என்று அருளானந்தன் திரும்பத் திரும்பக் கேட்டார்.

“குறை நினைக்காதேங்கோ ஐயா. ஒண்டும் எரியேல்லை. எறிய இடமில்லாமல் ஒரு வகுப்பறையிலை அடுக்கி வச்சிருக்கிறம். அந்த வகுப்புப் பிள்ளையள் மரத்துக்குக் கீழை படிக்கினம்.”

அருளானந்தன் திகைத்துப்போனார். “அப்ப, விளக்கு வெளிச்சத்திலை பிள்ளையள் சிரிச்சுக்கொண்டு நிக்கிற படம் அனுப்பினியளே, ரீச்சர்?”

“நீங்கள் ஆசையாய்ப் படம் கேட்டனீங்கள். கோயில் ஜெனரேற்றரை இரவல் வாங்கி ஒரு மணித்தியாலம் எரிச்சனாங்கள். அந்த ஐயா பாவம், ஏமாந்துபோவார் எண்டு பிள்ளையள்தான் சொன்னவை.”