மூன்றாம் வரியின் நிறுத்தம்

ஹெப்சிபா டீச்சர் இருபத்தேழு வயதில் மெட்டமைத்து எழுதிய பாட்டு அது. பாடகர் குழுவை நடத்தும்போது, மூன்றாம் வரி முடிகிற இடத்தில் வியர்வையில் அவள் கண்ணாடி வழுக்கும். விரலால் மேலே தள்ளுவாள். அந்தக் கை திரும்பி இறங்கும்வரை குழு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். “எழுதியிருக்குற தாளப் பாத்துப் பாடுங்க! அங்க நிறுத்தம் கிடையாது!” என்று எத்தனையோ வருஷம் கத்தியிருக்கிறாள். ஒருவரும் திருந்தவில்லை.

அவளுடைய எண்பதாவது பிறந்தநாளுக்குப் பதினொரு ஊர்க் குழுக்கள் தேவாலயத்தில் கூடியிருந்தன. டீச்சர் முதல் வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். நடத்தியவன் ஆசீர், அவள் மாணவியின் மாணவன். அவளிடம் ஒருநாளும் பாடியதில்லை, கண்ணாடியும் போடாதவன். மூன்றாம் வரி முடிந்ததும் அவன் விரல் வெறும் மூக்குத்தண்டுக்குப் போய் எதையோ மேலே தள்ளியது. முந்நூறு பேர் மூச்சைப் பிடித்தார்கள். பிறகு நாலாம் வரி கூரையைத் தூக்குவதுபோல் எழுந்தது.

“அந்த எடத்துல ஏன் நிக்காங்க, டீச்சர்?” என்று பக்கத்திலிருந்த போதகரின் மனைவி காதருகே குனிந்து கேட்டாள்.

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நான் அப்படித்தாம்மா எழுதியிருக்கேன்.”