தவளைத் தூண்டில்

பிள்ளைப்பாக்கம் ஏரியில் வெயில் இன்னும் ஏறவில்லை. மூங்கில் கழித் தூண்டிலில் குத்திய செத்த தவளையை உயிருள்ளது போலவே அல்லி இலைகளின் மேல் தத்தவிட்டு இழுக்கிறான் இளங்கோவன். சாயங்காலம் அவன் மட்டும் பம்பாய் ரயில் ஏறவேண்டும். மாமியார் வீட்டில் டிரங்குப் பெட்டியைப் பூட்டி வைத்தாயிற்று. அதன் பக்கத்திலேயே தூளியில் இருபது நாள் மகள் தூங்குகிறாள். பிள்ளை பெற்ற உடம்புக்கு விரால் நல்லது என்று, மனைவி பங்கஜத்தின் அண்ணன் நாகப்பன்தான் விடிந்ததும் கூட்டிவந்தான். இலைகளுக்கு நடுவே ஓரிடத்தில் தண்ணீர் செக்கச்செவேலென்று கொப்பளிக்கிறது. சிவப்பு நிற விரால் குஞ்சுகள் கூட்டமாக மூச்சு வாங்க மேலே வருகின்றன. அங்கே தவளை தத்தி விழுந்ததுமே தண்ணீர் வெடிக்கிறது. இளங்கோவன் வெடுக்கென்று இழுத்துவிடுகிறான். ஒரு கால் பிய்ந்த தவளை மட்டும் கரையில் வந்து விழுகிறது.

"இன்னா மாப்ள, அது கவ்விகினு திரும்பறதுக்குள்ள இழுத்துட்டியே," என்கிறான் நாகப்பன்.

"போயிருக்கும், வா." இளங்கோவன் நூலைச் சுற்றத் தொடங்குகிறான்.

"எங்க போவும்? குஞ்ச வுட்டுட்டு அது எங்கியும் போவாது. திரும்பப் போடு."

சிவப்பு மறுபடியும் மேலே வருகிறது. இளங்கோவன் கழியை ஓங்குகிறான். ஓங்கிய கை அப்படியே நிற்க, நூலின் நுனியில் தவளை ஆடிக்கொண்டே இருக்கிறது.