திங்கட்கிழமையோடு சரி

கழிவறையில் அவர் உட்கார்ந்தே இருந்தார்.

வயிறு கல் மாதிரி இருந்தது. முக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலுக்கடியில் உயரமாக எதையாவது போட்டுக்கொண்டால் சுலபமாக இருக்கும் என்றும் சொல்லியிருந்தார். துணி துவைக்க உட்காரும் பிளாஸ்டிக் முக்காலியை இழுத்து அதன்மேல் இரண்டு பாதங்களையும் வைத்திருந்தார்.

ஒன்றும் ஆகவில்லை.

சமையலறையில் குக்கர் அடங்கி வெகுநேரமாகியிருந்தது.

கல்யாணமாகி ஒரு மாதம். ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு முதல் கல்யாணம். நாற்பத்தாறில் அவளுக்கும். எதிரெதிரே உட்கார்ந்தால் இருவருக்கும் பேச்சு வராது. பால் வாங்கியாயிற்றா, மோட்டார் போட்டாயிற்றா. அவ்வளவுதான்.

ஊசி விஷயத்தை அவர் சொல்லவே இல்லை.

உடம்பு இளைக்க வாரத்துக்கு ஒரு ஊசி. சர்க்கரைக்கும் நல்லது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தது. நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு ஆரம்பித்தார். மணவறையில் தொப்பையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு உட்காரலாம் என்று ஓர் ஆசை. வெளியே சொல்லக் கூச்சமான ஆசை.

தொப்பை குறைந்தது. பசி போயிற்று.

அதோடு இதுவும் நின்றுபோயிற்று.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. மெதுவாக, விரல் நுனியால்.

"ஏனுங்க, உடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே?"

ஒன்றுமில்லை, வந்துவிடுகிறேன் என்றார்.

காலடிச் சத்தம் திரும்பிப் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போடுவது கேட்டது.

நாளைக்குத் தம்பி வருகிறான் என்றாள். அவனோடு பல்லடத்தில் பிறந்த வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரலாமென்று பார்ப்பதாகச் சொன்னாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

எத்தனை நாள் என்று கேட்டார்.



"என்ர சமையல் புடிக்கலீன்னா சொல்லிப்போடுங்க. அரைத் தோசையோட எந்திரிச்சுப் போறீங்க. நானும் தெனமும் மாத்தி மாத்திச் செஞ்சு பாத்துட்டனுங்க."

வியாழக்கிழமை அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, நெய் ஊற்றி வைத்தாள். இரண்டு வாய்க்குமேல் அவருக்கு இறங்கவில்லை. தட்டைக் கழுவும்போது அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. அது ஏனென்று இப்போதுதான் புரிந்தது.

முகத்துக்கு நேராக என்றால் வாய் வந்திருக்காது. நல்ல வேளையாக நடுவில் கதவு இருந்தது.

"சமையல் இல்லீங்க," என்றார். "திங்கக்கெழமையோட சரி. அதுக்கப்புறம் எனக்குப் போகவே இல்லீங்க."



இன்றைக்குச் சனிக்கிழமை.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஊசியைச் சொன்னார். மணவறை ஆசையைச் சொன்னார். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியும், பட்டறை வேலையில் மறந்துபோவதைச் சொன்னார். ஸ்கூட்டர் டிக்கியில் ஒளித்து வைத்திருக்கும், மலம் இளக்கும் இசப்கோல் பொடி டப்பாவையும், அதை ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு ஓடுவதையும்கூட விடவில்லை.

சொல்லி முடித்ததும் ஒரு விசும்பல் கேட்டது.

அழுகிறாள் என்று நினைத்தார்.

இல்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிற சத்தம் அது. அடக்கப் பார்த்தாள் போல. முடியவில்லை. பெரிதாக, மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தாள். இந்த ஒரு மாதத்தில் அவர் கேட்டிராத சிரிப்பு.

என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தேன் என்றாள். கோபித்துக்கொள்ள வேண்டாம் என்றாள். மறுபடியும் சிரித்தாள்.

அவருக்கும் வந்துவிட்டது. தோள் குலுங்கியது. வயிறு குலுங்கியது.

ஒருவழியாக அவள் காரியத்துக்கு வந்தாள். நாளையிலிருந்து எழுந்ததும் ஒரு சொம்பு சுடுதண்ணீராம். பட்டறைக்குப் பெரிய பாட்டில் தருவாளாம், அது காலியாகத்தான் வீடு திரும்ப வேண்டுமாம். சோறு எவ்வளவு முடிகிறதோ அவ்வளவு போதும், கீரையும் கொய்யாவும் மட்டும் தட்டில் மிஞ்சக் கூடாதாம். சாயங்காலம் இரண்டு பேரும் நடக்கப் போக வேண்டுமாம். டாக்டரிடம் அவளும் வருவாளாம். ஊசி அளவைக் கூட்டும் முன்னால் இதை அவரிடம் சொல்லாமல் விடக் கூடாதாம்.

உங்கள் தம்பி வருகிறாரே என்று இழுத்தார்.

"வந்து சாப்புட்டுப்போட்டுப் போகட்டுங்க," என்றாள்.

அப்போதுதான் அது நடந்தது.

முக்கவில்லை. முயலக்கூட இல்லை. உடம்பு அவரைக் கேட்டுக்கொண்டு எதையும் செய்யவில்லை.

கண்களை மூடிக்கொண்டார். காது இரண்டும் லேசாக அடைத்துத் திறந்தன. உலகத்தில் எல்லோரும் நல்லவர்கள் என்று தோன்றியது.

வெளியே நாற்காலி கதவுக்கு இன்னும் கிட்டே நகர்ந்தது.

"நீங்க சொல்லிப்போட்டீங்க. நானும் ஒண்ணு சொல்லோணும்," என்றாள். "பொண்ணு பாக்க வந்தீங்களே. அன்னிக்கி உங்கள வேண்டாம்னு சொல்லத்தான் நான் வந்து உக்காந்ததுங்க."

ஃப்ளஷ் பொத்தான்மேல் வைத்த அவர் விரல் அப்படியே நின்றது.

"அப்புறம்?"

"அது கொஞ்சம் பெரிய கதைங்க. நீங்க வெளிய வாங்க, சொல்றேன்."

வெளியே போனால் சொல்ல மாட்டாள். அவருக்குத் தெரியும்.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு இன்னும் நேரமாகும்போல இருக்குதுங்க," என்றார். "நீங்க சொல்லுங்க."