இரட்டைச் சுத்தம்

"போன் மட்டும் பண்ணிடாதீங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

இருமலுக்கு நடுவே இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர். குளியலறை பிரஷைக் கீழே போடக்கூடத் தோன்றாமல், அதைப் பிடித்தபடியே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த அக்கா, கையில் போனோடு நின்றாள். "என்னடி பண்ணித் தொலைச்சே? நெடி இங்க வரைக்கும் தூக்குதே!"

"பாத்ரூம் கழுவினேன்."

"கழுவினா இப்படியா வரும்?"

"டைல்ஸ்ல மஞ்சக் கறைக்கா. ஆசிட் ஊத்தித் தேய்ச்சேன், பாதிதான் போச்சு. சரி, பிளீச்சையும் சேர்த்து ஊத்தினா பளிச்சுனு ஆயிடுமேன்னு..."

"ரெண்டையும் ஒண்ணாவா?" அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "கலக்காதேன்னு பாட்டில்லயே போட்டிருக்குமேடி!"

"எறும்பு சைஸ்ல போட்டிருந்தா யாருக்கா படிப்பாங்க?"

ஊற்றிய மாத்திரத்தில் குபுகுபுவென்று ஏதோ கிளம்பியதும், தொண்டையில் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிந்ததும்தான் அவளுக்கு நினைவிருக்கிறது. எப்படி வெளியே ஓடி வந்தாள் என்பது அவளுக்கே தெரியாது.

"இதுக்கு ஃபயர் சர்வீஸ்தான் சரி. இப்போ நீயும் உள்ள போக முடியாது, நானும் போக முடியாது."

"ஐயோ, வேண்டாம்! கொஞ்ச நேரத்துல தானா அடங்கிடும். சாயங்காலம் அத்தை வர்றாங்க. தெரிஞ்சா என் மானமே போயிடும்."

அத்தை என்றால் மாமியார். இந்த வீட்டுக்கு அவர் வருவது இது இரண்டாம் முறை. முதல்முறை வந்தபோது இவள் புதுத் திரைச்சீலை போட்டு, மேசையில் பூ வைத்து, வீட்டையே ஜோடித்து வைத்திருந்தாள். அந்த அம்மாள் அதில் ஒன்றையாவது பார்க்கவேண்டுமே! நேரே சமையலறைக்குப் போனார். குனிந்து கேஸ் டியூபைத் தடவிப் பார்த்தார். "இதை எப்போ மாத்தினே?" என்றார். "ஒரே பிளக்குல இத்தனை ஒயரா?" என்றார். தொட்டிக்குக் கீழே எட்டிப்பார்த்து, "இந்த ரெண்டு பாட்டிலும் பக்கத்துப் பக்கத்துல எதுக்கு? தள்ளித் தள்ளி வை" என்றார். குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லை என்பார்கள். இவர் சுற்றத்தைப் பார்க்க வருவதே குற்றம் பார்க்கத்தான் என்று இவளுக்குப் பட்டது. கணவனிடம் சொல்லி அழுதாள். "அம்மா எங்க போனாலும் அப்படித்தான், விடு" என்று அவன் போர்வையை இழுத்துக்கொண்டான்.

இந்தத் தடவை அந்த வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்கியே தீருவது என்று காலையிலிருந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். அதன் விளைவுதான் இது.

"நீ சொல்லாட்டி அவங்களுக்கு எப்படிடி தெரியும்?" என்றாள் அக்கா.

"தெரிஞ்சிடும்க்கா. நீங்க போன் போட்ட அடுத்த நிமிஷமே தெரிஞ்சிடும்."

"ஏன், உன் மாமியாருக்கு ஊரெல்லாம் காதா?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது. விடாமல், குடலே வெளியே வந்துவிடும்போல வந்தது.

"மானம் போனா திரும்ப வாங்கிக்கலாம். மூச்சு போனா வருமா?" என்று சொல்லி அக்கா போனைப் போட்டுவிட்டாள்.

வண்டி மணியடித்துக்கொண்டு வந்து நின்றது. அத்தனை வீட்டு பால்கனியிலும் தலைகள். நாலு பேர் தடதடவென்று படியேறினார்கள். அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"உள்ள வேற யாராவது இருக்காங்களா?" முன்னால் வந்த அதிகாரி கேட்டார். தலையில் ஹெல்மெட், முகத்தில் மூச்சுக்கவசம், முதுகில் சிலிண்டர். குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

அவள் நிமிராமலே தலையை ஆட்டினாள், இல்லை என்று.

அதிகாரி உள்ளே போனார். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம். பிறகு தண்ணீர் கொட்டும் சத்தம். இன்னொருவர் அவள் கண்ணைக் கழுவிவிட்டு, "கட்டாயம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிடணும், சரியா?" என்றார்.

"பார்த்தியா, எவ்வளவு பாங்கா வேலை பார்க்கிறாங்க! இவங்களைக் கூப்பிடவா இந்தப் பயம் பயந்தே?" என்றாள் அக்கா.

அவளுக்கோ படிக்கட்டு பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அதிகாரி வெளியே வந்து அவள் எதிரே குந்தி உட்கார்ந்தார். "ரெண்டும் சேர்ந்தா விஷ வாயு. கதவைச் சாத்திக்கிட்டு இன்னும் கொஞ்ச நேரம் உள்ள இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? டைல்ஸ்ல கறை இருந்தா யாரும் சாகப்போறதில்லை!" கவசத்துக்குள் அந்தக் குரல் லேசாக நடுங்கியது.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "திட்டாதீங்க மேடம், பாவம் சின்னப் பொண்ணு. எல்லாம் அந்த மாமியாருக்குப் பயந்துதான். சாயங்காலம் வர்றாங்களாம். சரியான ராங்கிக்காரி போல!"

"அக்கா!" என்று அவள் அலறினாள்.

அதிகாரி மெல்ல ஹெல்மெட்டையும் மூச்சுக்கவசத்தையும் கழற்றினார். நரைத்த முடியை ஒதுக்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

"ட்யூட்டி முடிச்சு சாயங்காலமா வரலாம்னுதான் இருந்தேன். மருமக அவசரமாக் கூப்பிட்டுட்டா, அதான் வண்டியோடவே வந்துட்டேன்!"