சாம்பல்கூட வேண்டாம்

“இந்தத் தடவை நான் திரும்பி வரவே கூடாது, சார். என்னோட சாம்பல்கூட மிச்சம் இருக்கக் கூடாது” என்றார் அவர், கையைக் கட்டிக்கொண்டு.

எதிரே இருந்தவர் பேனாவை மூடி வைத்தார். பதினோரு வருஷத்தில் அதே பேனாவால் இவரை ஒன்பது முறை கொன்றவர் அந்தக் கதாசிரியர். சாகிறவரே நேரில் வந்து கேட்டுக்கொண்டது இதுதான் முதல் தடவை.

வாரா வாரம் ஒளிபரப்பாகும் விண்வெளித் தொடரில் இவர்தான் வில்லன். வேற்றுக் கிரகத்துப் பேரரசர். நட்சத்திரத்தில் விழுந்து பொசுங்குவார். பனிக்கட்டியாக உறைந்து நொறுங்குவார். ஆறு மாதம் கழித்து, தனக்கு அழிவே இல்லை என்று சிரித்துக்கொண்டு மறுபடியும் வந்து நிற்பார்.

பிரச்சினை சாவு அல்ல, முகம். செதில் செதிலான பச்சை ரப்பர் முகமூடியை ஒட்ட மூன்று மணி நேரம், பிய்த்து எடுக்க ஒரு மணி நேரம். புருவத்தில் பாதி அதோடேயே போய்விட்டது. பதினோரு வருஷத்தில் அவருடைய சொந்த மூக்கை ஒருத்தர்கூடத் திரையில் பார்த்ததில்லை.

வெளியே நிலைமை இன்னும் மோசம். தெருவில் நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மருந்துக் கடையில் இருமலுக்கு மருந்து கேட்டால், குரலைக் கேட்ட மாத்திரத்தில் பக்கத்தில் நிற்கிற குழந்தை வீறிட்டு அழுகிறது. மனைவியின் அண்ணனோ இவர் நடிகர் என்பதையே இன்றுவரை நம்பவில்லை. பார்க்கும்போதெல்லாம் ஓரமாகக் கூப்பிட்டு, தன்னுடைய கட்டில் பீரோக் கடையில் ஓர் இடம் காலியாக இருப்பதாகச் சொல்வார்.

அதையெல்லாம் தாங்கிக்கொண்டார். மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகள், ‘என் அப்பா’ என்று எழுதிப் பச்சைத் தலை ஒன்றை வரைந்து, வகுப்பே சிரித்து, அழுதுகொண்டே வீட்டுக்கு வந்த அன்றுதான் மனசு விட்டுப்போயிற்று.

அந்த வாரமே ஒரு போன் வந்தது. புதிதாகத் தொடங்கப்போகும் குடும்பத் தொடர் ஒன்றின் மேனேஜர் பேசினார். அப்பா வேஷமாம். அவரை நினைத்து உருகாத ஆளே அந்த வீட்டில் கிடையாதாம். மேக்கப்பும் வேண்டியதில்லையாம்.

“கதையே உங்களைச் சுத்தித்தான் போகுது, சார். ஒரு எபிசோடு விடாம நீங்க இருப்பீங்க. நல்லாச் சிரிச்ச மாதிரி போட்டோ ஒண்ணு மட்டும் அனுப்பி வையுங்க.”

போட்டோ போன மறுநாளே சரி என்று பதில் வந்துவிட்டது. நடித்துக் காட்டக்கூடச் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தே முடிவு பண்ணிவிட்டார்கள் என்று மனைவியிடம் நாலு தரம் சொன்னார். அவள் உடனே அண்ணனுக்குப் போன் போட்டுத் தொடர் வரும் நாளையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளச் சொன்னாள். மகள் பள்ளிக்கூடம் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாள்.

“இனிமே எங்கப்பா அவர் மூஞ்சியோடவே வருவாரு.”

ஒரே ஒரு சிக்கல். பேரரசர் உயிரோடு இருக்கும்வரை வேறு தொடரில் தலைகாட்டக் கூடாது என்பது பழைய ஒப்பந்தம். அதனால்தான் கதாசிரியர் வீட்டுக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

கதாநாயகனுக்குக்கூட இவ்வளவு கடிதம் வருவதில்லை, அவசரப்படாமல் யோசித்துக்கொள்ளுங்கள் என்று கதாசிரியர் சொல்லிப் பார்த்தார். இவர் அசையவில்லை. கடைசியில் கதாசிரியர் பெருமூச்சு விட்டுப் பேனாவைத் திறந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பேரரசர் அணு அணுவாகச் சிதறினார். அவருடைய நகல்கள் மூன்றும், மூளையைப் போட்டு வைத்திருந்த கண்ணாடி ஜாடியும், அவர் பிறந்த கிரகமும் அதே எபிசோடில் காலி. மேக்கப்காரர் முகமூடியைக் கடைசி முறையாகப் பிய்த்து எடுத்தார். வலித்தது இவருக்கு, அழுதது அவர்.

திங்கட்கிழமை காலை, மழமழவென்று சவரம் செய்துகொண்டு, மனைவி இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டையில் புது ஸ்டூடியோவுக்குப் போனார். மேனேஜர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, கைகுலுக்கிவிட்டு, அடுத்த போனில் மூழ்கிவிட்டார். இவராகவே விசாரித்துக்கொண்டு படப்பிடிப்புத் தளத்துக்குள் நுழைந்தார்.

உள்ளே அச்சு அசலாக ஒரு வீடு. சோபா, மாடிப்படி, நீளமான சாப்பாட்டு மேஜை. மனைவியாக நடிப்பவர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். மகன்களாக நடிப்பவர்கள் இருவரும் அவசரமாகச் செல்போனைப் பைக்குள் போட்டார்கள். மகளாக நடிக்கும் பெண் அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, “அப்பா” என்றே கூப்பிட்டாள்.

விளக்குகள் எரிந்தன. எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நடுநாயகமாக ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. பதினோரு வருஷமாகச் சிம்மாசனத்தில் முதுகு வலிக்க உட்கார்ந்தவருக்கு அந்த மர நாற்காலியைப் பார்க்கவே ஆசையாக இருந்தது. அதில் தான் உட்காரலாமா என்று உதவி டைரக்டரிடம் கேட்டார்.

உதவி டைரக்டர் கையில் இருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்தார். பிறகு மரியாதையாக அவர் தோளைத் தொட்டுத் திருப்பி, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த பெரிய போட்டோவைக் காட்டினார்.

“நீங்க தவறிப்போய் மூணு வருஷம் ஆச்சு, சார்.”